தீவுக்கு எந்த மின்சாரம் பொருந்தும்? இராமேஸ்வரம் கரைக்கு ஒரு கணக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எய்க் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். நாட்டின் மின்தொகுப்போடு அந்தத் தீவுக்குத் தொடர்பே கிடையாது. 2008 வரை பெரும்பாலோர் அவரவர் வீட்டில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டித்தான் காலம் தள்ளினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து தீவு மக்களுக்கே சொந்தமான ஒரு நிறுவனம் இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் தருகிறது. அதன் முதுகெலும்பு ஓடை நீரில் சுழலும் 100 கிலோவாட் நீர்மின் நிலையம். கூடவே 5, 6 கிலோவாட் அளவில் இன்னும் இரண்டு குட்டி நீர்மின் நிலையங்கள், நான்கு சின்னக் காற்றாலைகள், 50 கிலோவாட் சோலார், ஒரு பேட்டரி அறை, கடைசிக் கைகாவலாக டீசல் எந்திரங்கள்.

இதைப் படிக்கிற பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம்காரர் யாருக்கும் ஒரு கேள்வி எழும். நாமும் தீவில்தானே இருக்கிறோம், நமக்கு இப்படி ஒன்று வேண்டாமா? நியாயமான ஆசை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒதுக்கவும் கூடாது, எய்க்கைப் பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அப்படியே பணம் வசூலிக்கவும் கூடாது. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 200 வீடுகள் உள்ள ஒரு மீனவக் குடியிருப்பை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 3 யூனிட் என்றால் மொத்தம் 600 யூனிட். விளக்கு, மின்விசிறி, டிவி, சில வீடுகளில் ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ஏசி இந்தக் கணக்கில் இல்லை.

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடுவோம்.

நீர்மின்சாரத்துக்கு வேண்டியவை இரண்டு: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதையும் இறங்கும் உயரத்தை மீட்டரிலும் பெருக்கி, 9.81ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். எந்திர இழப்பு போக அதில் 70 விழுக்காடு கைக்கு வரும் என்று வைக்கலாம். எய்க் தீவில் 393 மீட்டர் உயரமுள்ள மலை இருக்கிறது, வருடம் முழுக்க மழையும் இருக்கிறது. நூறு மீட்டர் இறக்கம் கிடைத்தால் விநாடிக்கு 145 லிட்டர் தண்ணீரே 100 கிலோவாட் தந்துவிடும். ஒரு சின்ன ஓடை போதும்.

நம் மாவட்டத்தில் நூறு மீட்டரை எங்கே தேடுவது? இராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயர் பர்வதம், ஆள் மணல்மேடு. தீவில் ஆறு கிடையாது. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும். ஊருணித் தண்ணீரை இரண்டு மீட்டர் இறக்கி எந்திரம் சுற்றலாம் என்று யாராவது சொன்னால், அதையும் போட்டுப் பார்க்கலாம். பத்து ஏக்கர் ஊருணியில் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 10 கோடி லிட்டர். அத்தனையையும் இரண்டு மீட்டர் இறக்கித் திறந்துவிட்டால் கிடைப்பது 380 யூனிட். நம் 200 வீட்டின் ஒரு நாள் தேவைக்கே அது போதாது; நாளொன்றுக்கு அப்படி ஒன்றரை ஊருணி வேண்டும். குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இதே 380 யூனிட்டை வேறு பக்கமிருந்து பாருங்கள். கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் செலவாகும். அதாவது பத்துக் கோடி லிட்டர் நன்னீரை இறக்கி எடுத்த மின்சாரத்தைக் கொண்டு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர்தான் செய்ய முடியும். தட்டையான நிலத்தில் நீர்மின்சாரம் ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வைகை இருக்கிறதே என்று கேட்கலாம். வைகை நீர் தன் மின்சாரத்தை மேலேயே கொடுத்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மலைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் குழாய்களில் இறங்கி விசையாழிகளைச் சுற்றுகிறது. அது வைகை அணைக்கு வந்தபின் அங்கேயும் 6 மெகாவாட் சிறு நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் மதுரை, மானாமதுரை, பரமக்குடி கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும்போது இறங்குவதற்கு உயரமே மிச்சம் இருக்காது. மலையில் பிறந்த அந்த மின்சாரம் கம்பி வழியாக நமக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீர்மின்சாரத்தில் நம் பங்கு அதுதான்.

கடல்நீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் முறையும் உலகில் நடந்திருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா தீவில் 1999 முதல் 2016 வரை 30 மெகாவாட் அளவில் அப்படி ஒரு நிலையம் இருந்தது. அங்கே கடலோரக் குன்றிலிருந்து கிடைத்த இறக்கம் 136 மீட்டர். நமக்கு அதுவும் இல்லை.

கடல்மட்ட ஏற்ற இறக்கமும் இப்படித்தான். பாக் நீரிணையில் கடல் ஏறும் ஓதத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. இந்தியாவில் ஓத மின்சாரத்துக்கு ஏற்ற இடங்கள் என்று சொல்லப்படுபவை குஜராத்தின் கட்ச், கம்பாத் வளைகுடாக்களும் சுந்தரவனமும். பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓடும் நீரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் கடல்நீரில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் ஆற்றல்தான் இருக்கிறது. எந்திரம் பிடிப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. பருவத்துக்குப் பருவம் நீரோட்டம் திசை மாறும், சிப்பியும் பாசியும் ஒட்டும், படகுகள் போய்வரும் வழி வேறு. இதை ஆராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடலாம்.

ஆக, தண்ணீர் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. இனி மிச்சமிருப்பவை: மண்டபத்திலிருந்து வரும் ஈபி லைன், டீசல், காற்று, வெயில். இவற்றை ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நமக்குச் சொந்த மின்சாரம் எதற்கு? பில் குறையவா, புயல் நாளில் விளக்கு எரியவா? இரண்டும் வேறு வேறு தேவைகள். இரண்டுக்கும் வேறு வேறு கருவிகள். இந்த இடத்தில் குழம்பினால் பணம் முழுக்க வீண்.

பில்தான் கவலை என்றால், சாதாரண வீட்டுக்கு ஈபி லைனை எதுவும் வெல்ல முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். எய்க் தீவுக்காரர்களுக்கு இப்படி ஒரு லைன் கிடையாது, அதனால் அவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். நமக்கு லைன் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தனியாக நிற்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அந்த லைனின் பலவீனம் எல்லோரும் அறிந்தது. கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படியும். பனி விழும் காலத்தில் அந்த உப்பு ஈரமாகி, பொறி பறந்து, கரண்ட் போகும். இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். பெரிய புயல் என்றால் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பக்கம் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நம் கரை 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே இழந்த கரை. அந்தப் புயலில் பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. பாலமும் லைனும் ஒரே நேரத்தில் போகும் நாள் வந்தால், அன்றைக்குத் தீவுக்குள் இருப்பது மட்டுமே நமக்கு உதவும். சொந்த மின்சாரத்துக்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான்.

டீசல் ஜெனரேட்டர் ஏற்கெனவே லாட்ஜ்களிலும் மருத்துவமனைகளிலும் ஐஸ் கம்பெனிகளிலும் இருக்கிறது. சின்ன எந்திரம் ஒரு லிட்டருக்கு 3 யூனிட், நன்றாக வைத்திருந்தால் மூன்றரை தரும். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய விலையில் யூனிட்டுக்கு 27 ரூபாய், 30 ரூபாய் ஆகிவிடும். தினசரிக்கு இது கட்டுப்படியாகாது. ஆனாலும் டீசலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாலம் மூடிக் கிடக்கும் மூன்றாம் நாள், மேகம் விலகாத வானம், தீர்ந்துபோன பேட்டரி என்ற நிலையில் 200 லிட்டர் டீசலின் அருமை தெரியும்.

எதிர்க்கரையில் இதை அழகாகக் காட்டும் ஒரு திட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் இந்திய அரசின் 1.1 கோடி டாலர் மானியத்தில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போடப்பட்டது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி, கைகாவலாக 2,500 கிலோவாட் டீசல். வெயிலும் காற்றும் சேர்ந்தாலும் 2,230 கிலோவாட்தான். டீசல் அதைவிடப் பெரியது. எய்க்கைவிட இந்தத் திட்டம்தான் நமக்கு உண்மையான அளவுகோல் என்று நினைக்கிறேன். அதே கடல், அதே உப்பு, அதே வாடையும் (வடகிழக்குக் காற்று) கச்சானும் (தென்மேற்குக் காற்று), அதே தட்டை நிலம், பேசுகிற மொழியும் ஒன்று. அங்கே தண்ணீரை யாரும் நம்பவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1,700 கிலோவாட் சோலார் நல்ல வெயில் நாளில் சுமார் 7,000 யூனிட் தரும்; பேட்டரி கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்கு. வெயில் இருக்கும்போதே செலவழிக்க வேண்டிய மின்சாரம் சோலார் என்பதை அவர்கள் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

காற்றைப் பற்றி எனக்கு ஆசையும் தயக்கமும் சம அளவில் இருக்கின்றன. ஆசைக்குக் காரணம் நம் பருவங்கள். எய்க்கில் கோடையில் ஓடை மெலியும்போது வெயில் கைகொடுக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வெயில் மங்கும்போது வாடை அடிக்கிறது, வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் விடாமல் வீசுகிறது. சோலாருக்குக் காற்று நல்ல துணை. தயக்கத்துக்குக் காரணம் பராமரிப்பு. சின்னக் காற்றாலையில் தாங்கியும் இறக்கையும் உப்புக்காற்றில் சீக்கிரம் தேய்கின்றன. பழுதானால் உயரத்தில் ஏறத் தெரிந்த ஆளும் உதிரிபாகமும் வெளியூரிலிருந்து வர வேண்டும். புயலுக்கு முன் இறக்கி வைக்கக்கூடிய கம்பமாக இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் 2025இல் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பறவைகள் கூட்டமாக வந்திறங்கும் வழியில் இறக்கைகளை நடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் கடல்மேல் காற்றாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு வேறு கணக்கு. 2024இல் மத்திய அரசு அறிவித்த 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கு 500 மெகாவாட் ஒதுக்கியிருக்கிறார்கள். அது வந்தாலும் மாநிலத் தொகுப்புக்குப் போகும், நம் தெருவிளக்குக்கு நேராக வராது. 200 வீட்டுக் குடியிருப்பு முதல் ஐந்து ஆண்டுக்குக் காற்றாலையைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

வெயில்தான் மிச்சம். அதில் நம் மாவட்டத்துக்குச் சான்று தேவையில்லை. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாக அது இருந்தது. ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால் நம் 600 யூனிட்டுக்கு 150 கிலோவாட் போதும், வீட்டுக்கு ஒரு கிலோவாட்கூட ஆகாது. மொத்தம் 1,500 சதுர மீட்டர், அதாவது 40 சென்டுக்குள் அடங்கும் கூரைப்பரப்பு.

ஆனால் எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒரு விஷயம் இருக்கிறது. ஈபி லைனோடு இணைத்த சாதாரண ஆன்கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் புயலுக்கு மறுநாள் பளீரென்ற வெயிலில் கூரையில் பலகையை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டிவரும். அவசரத்துக்கு வேண்டுமென்றால், லைன் போனாலும் தனியாக ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கட்டாயம். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மானியம் என்றதும் இன்னொன்று. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட் போட்டால் 30,000 ரூபாயும் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாயும் கிடைக்கிறது. கான்கிரீட் மாடி உள்ளவர்களுக்கு நல்லது. ஓலைக் கொட்டகையிலும் தகரக் கூரையிலும் இருப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்? கரையோரத்தில் அவர்கள்தான் அதிகம். அதனால்தான் வீட்டுக் கூரையைவிடப் பொதுக் கூரையை முதலில் பார்க்கச் சொல்கிறேன்: பள்ளிக்கூடம், மீன் ஏலக்கூடம், புயல் பாதுகாப்பு மையம், சமுதாயக் கூடம்.

பராமரிப்பில் நம் கரைக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. பலகை மேல் உப்பும் மணலும் படலமாகப் படியும். உப்புத் தண்ணீரால் கழுவினால் காய்ந்து வெள்ளைப் படிவாகிவிடும். கழுவ நன்னீர் வேண்டும், மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்து அதிகாலையில் கழுவுவது நல்லது. இரண்டாவது, தாங்கும் சட்டம். மலிவான இரும்பு இரண்டே பருவத்தில் பொரிந்துபோகும். நன்றாகத் துத்தநாகம் பூசிய இரும்பு, துருப்பிடிக்காத போல்ட், காற்று கீழிருந்து தூக்காத சாய்வு. பலகையின் விலையைப் பேசுவதில் காட்டும் கெட்டித்தனத்தை இந்தச் சட்டத்தின் தரத்தில் காட்ட வேண்டும்.

புயல் நாள் தேவையை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். குடிநீர் மோட்டார் 3 எச்பி இரண்டு மணி நேரம் ஓட நாலரை யூனிட். 20 வாட் தெருவிளக்கு நாற்பது, பத்து மணி நேரத்துக்கு 8 யூனிட். பாதுகாப்பு மையத்தில் விளக்கு, விசிறிக்கு 10. நானூறு செல்போனுக்கு 6. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு 2. எல்லாம் சேர்த்து 30 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. அடைமழை நாளில்கூட ஒரு கிலோவாட் பலகை ஒரு யூனிட் தரும் என்று குறைத்தே வைத்தாலும், 20 கிலோவாட் சோலாரும் 60 யூனிட் பேட்டரியும் இருந்தால் ஊர் நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்கும். 200 வீட்டையும் பேட்டரியில் ஓட்டுவதற்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் இது.

பில் குறைக்க வேண்டிய இடம் ஐஸ் கம்பெனியும் குடிநீர் ஆலையும். ஒரு டன் ஐஸ் பார் உறைய 60 முதல் 80 யூனிட் ஆகிறது. 100 கிலோவாட் சோலார் ஒரு நாள் தரும் 400 யூனிட்டில் ஐந்தாறு டன் ஐஸ் செய்யலாம், அல்லது ஒரு லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கலாம். பகலில் உறைந்த ஐஸ் இரவில் கடலுக்குப் போகும். பகலில் நிறைந்த தொட்டி மறுநாள் குழாயில் வரும். பேட்டரி பத்தாண்டில் மாற்ற வேண்டியது. தொட்டியும் ஐஸ் அறையும் அதைவிட நெடுநாள் இருக்கும். இங்கே ஆன்கிரிட் போதும், பேட்டரியே வேண்டாம்.

எய்க்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரத்தில் 5 கிலோவாட், கடைகளுக்கும் தொழில்களுக்கும் 10 கிலோவாட். அதற்கு மேல் இழுத்தால் இணைப்பு தானாக அறுந்துவிடும், கட்டணம் கட்டித்தான் மீட்க வேண்டும். பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை. எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது தீவிலேயே வாழும், அதற்கென்று பயிற்சி பெற்ற சிலர். 1997இல் நிலச்சுவான்தாரிடமிருந்து தீவையே மீட்டுக்கொண்ட மக்கள் அவர்கள். சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் மின்சாரத்துக்கு முன்பே இருந்தது. நம்மிடமும் மீனவர் சங்கமும் மகளிர் குழுக்களும் ஊர்க் கமிட்டியும் இருக்கின்றன. புயல் நாளில் பாதுகாப்பு மையத்துக்கும் மோட்டாருக்கும் போக மீதிதான் வீடுகளுக்கு, அதுவும் ஆளுக்கு ஒரு விளக்கு, ஒரு சார்ஜர் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சாவி யாரிடம், பேட்டரி மாற்ற மாதம் எவ்வளவு சேர்ப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதலாம். நன்கொடையாக வந்த சோலார் விளக்குகள் பேட்டரி செத்ததும் கம்பத்தோடு நின்றுபோனதை எத்தனை ஊரில் பார்க்கிறோம்.

என் வரிசை இதுதான். ஈபி லைனை விட வேண்டாம். ஊருக்குப் பொதுவாக 20 கிலோவாட் ஹைப்ரிட் சோலார், பேட்டரியோடு முதலில். அடுத்து ஐஸ் கம்பெனிக்கும் குடிநீர் ஆலைக்கும் ஆன்கிரிட். வசதியுள்ள வீடுகள் மானியத்தோடு தங்கள் மாடியில் போட்டுக்கொள்ளட்டும். டீசல் ஒரு சின்ன எந்திரம், மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து மூடி வைக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து, இதையெல்லாம் ஒழுங்காகப் பராமரித்துக் காட்டியபின் காற்றாலையைப் பேசலாம்.

வேலைக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் கம்பெனிகளில் ஓட்டம் குறைவு, கூட்டம் போட ஊரில் ஆள் இருக்கும். அடித்தளமும் சட்டமும் அதற்குள் முடிந்து, வயரிங்கும் சோதனையும் செப்டம்பருக்குள் முடிந்துவிட்டால் வாடை தொடங்கும் முன் ஒருமுறை லைனை நிறுத்திவிட்டு ஊர் முழுக்க ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.